பெரியப்பாவின் அம்பாசிடரும் ஒன்றேகால் இஞ்ச் கார்புரேட்டரும்

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக்குப் போனவங்களுக்குப் புளியரை எஸ் வளைவு தெரிஞ்சிருக்கும். போன குற்றால சீசன்ல எங்க பெரியப்பாவோட அம்பாசிடர் அங்கதான் மூச்சுத் திணறிச்சு. ஆக்சிலேட்டரை மிதிச்சா ஒரு நொடி செத்த மாதிரி நிக்கும். அப்புறம் இருமிக்கிட்டே ஏறும். "காயலான் கடைக்குக் குடுத்துருதேன்டே"ன்னுட்டாரு. வருஷக்கணக்கா அருவிக்கு ஆளேத்தி எங்க வீட்டுக்குச் சோறு போட்ட வண்டி!

ஆளாளுக்கு யோசனை சொன்னாங்க. மலைக்காத்து லேசுன்னு ஒருத்தர். ஊட்டின்னா (2,240 மீட்டர்) சரி, காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஆரியங்காவு கணவாய்க்கு அந்தப் பேச்சே கிடையாது. பட்டறைக்காரர் சொன்னதுதான் ஆசை காட்டிச்சு: "பெரிய கார்புரேட்டரா மாட்டுங்க தம்பி, பிக்கப் பிச்சுக்கும்."

மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். எஞ்சின் 1,489 சிசி, பி.எம்.சி. பி-சீரிஸ். நாலு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் அந்த முழுக் கொள்ளளவையும் இழுக்கும். 4,000 ஆர்.பி.எம்., 80 சதவீதம் வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி என்று வைத்தால் நொடிக்குச் சுமார் 40 லிட்டர் காற்று. ஒன்றேகால் இஞ்ச் (31.75 மி.மீ.) துளையில் அதன் வேகம் நொடிக்கு 50 மீட்டர். ஒன்றரை இஞ்ச் துளையில் 35 மீட்டர்தான். பெட்ரோலை இழுக்கும் உறிஞ்சல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக அது பாதியாகிவிடும். சோலெக்ஸ் மாதிரி கழுத்து மாறாத கார்புரேட்டர்ல பெருசு மாட்டினா, ஏத்தத்துல மெதுவாப் போகும்போதுதான் முதல்ல அடி விழும். நமக்கு வேண்டியதோ அந்த ஏத்தம்!

எங்க வண்டியில இருந்தது எஸ்.யு. இதுல கழுத்தே மாறும். உள்ளே ஒரு பிஸ்டன் காற்றின் தேவைக்கேற்ப ஏறி இறங்கி, உறிஞ்சலை ஏறக்குறைய ஒரே அளவில் வைக்கும். பிஸ்டனோடு சேர்ந்த கூர்ஊசி ஜெட்டுக்குள் ஏறி இறங்கி பெட்ரோலை அளக்கும். அதை வடிவமைச்சவங்க புத்திசாலிங்க. நாம திருகுறதுக்கு ஒரே ஒரு நட்தான் விட்டிருக்காங்க.

அந்த நட்டை நான் இரண்டு நாள் திருகினேன். சரியாகல. பாயிண்ட் கேப், வால்வ் கிளியரன்ஸ் இரண்டையும் பார்க்காம நட்டைத் தொட்டதே தப்பு. அதையெல்லாம் சரிசெய்த பிறகும் மிதிச்சா நிக்கிறது போகல. அப்புறம்தான் மேல் மூடியைக் கழட்டினேன். டேம்பர்ல எண்ணெய் சொட்டுக்கூட இல்ல!

திடீரென்று மிதிக்கும்போது பிஸ்டன் குதிச்சு ஏறாமல் தடுப்பது அந்த எண்ணெய்தான். பிஸ்டன் தயங்கி ஏறும் அந்த நேரத்தில் உறிஞ்சல் கூடி, கூடுதல் பெட்ரோல் வரும். எண்ணெய் இல்லையென்றால் காற்று மட்டும் முந்திக்கொள்ளும்; வண்டி திணறும். எஸ்.ஏ.ஈ. 20 எண்ணெய் ஊற்றினோம். பிஸ்டனைக் கையால தூக்கி விட்டா 'டக்'குனு சத்தம் கேட்கணும், கேட்டது.

இப்போதான் நட்டின் முறை. பிஸ்டனை இறக்கி வைத்து, ஜெட்டைப் பாலத்தின் மட்டத்துக்கு ஏற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று கீழே. எஞ்சின் நல்லா சூடாகணும், சோக் முழுசா உள்ளே இருக்கணும். ஐடிலில் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்துங்க. வேகம் கூடி அப்படியே நின்றால் ரிச். எஞ்சின் தடுமாறி அணைந்தால் லீன். லேசா ஏறி உடனே பழையபடி வந்தால் சரி. ஜெட் இறங்கினால் ரிச், ஏறினால் லீன். ஒரு தடவைக்கு நட்டின் ஆறு முகத்தில் ஒரு முகம் மட்டும்.

எங்களுடையது லீன். காரணம் பெட்ரோல் பங்கில் இருந்தது. சுத்தமான பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேணும். எத்தனால் 20 சதவீதம் கலந்த இ20-க்குச் சுமார் 13.5 போதும். பழைய செட்டிங்கிலேயே ஓட்டினால் அந்த அளவுக்கு லீனாகத்தான் ஓடும். இரண்டு முகம் இறக்கினோம். பிளக் வெள்ளையிலிருந்து ரஸ்க் நிறத்துக்கு வந்தது. பழைய ரப்பர் ஹோஸ்களை எத்தனால் அரிக்கும், அவற்றையும் மாற்றினோம்.

ஞாயிற்றுக்கிழமை புளியரைக்குப் போனோம். இரண்டாவது கியர், மிதிச்சதும் இழுத்தது. பெரியப்பா ஒண்ணும் சொல்லல. திரும்பி வரும்போது செங்கோட்டையில நிறுத்தி, ஸ்டியரிங்குக்கு ஒரு புது உறை வாங்கினாரு.