177.25 டிஎம்சி: சில நம்பிக்கைகள், சில கணக்குகள்

சுவாமிமலைக்குப் பக்கத்து ஊர் திருவலஞ்சுழி. காவிரி அங்கே ஒரு பிலத்துக்குள் புகுந்து காணாமல் போனதாகவும், ஏரண்ட முனிவர் அதற்குள் இறங்கித் தன்னைப் பலி கொடுத்த பிறகே மேலே வந்து வலஞ்சுழித்து ஓடியதாகவும் தலபுராணம் சொல்கிறது. ஆற்றுத் தண்ணீர் எங்கே போனது என்ற விசாரணை இந்தப் பக்கத்துக்குப் பழசு. இன்றைக்கு அது டீக்கடை பெஞ்சில் நடக்கிறது, கடைசியில் ஒரே எண்ணில் வந்து நிற்கிறது: 177.25. அந்த எண்ணைக் கேள்விப்படாத விவசாயி டெல்டாவில் இருக்க மாட்டார். ஆனால் அதைச் சுற்றி வளர்ந்திருக்கும் நம்பிக்கைகளில் பல நம் கட்சியைப் பலவீனப்படுத்துகின்றன.

"காவிரியில் தமிழ்நாட்டுப் பங்கு 177.25 டிஎம்சி."

இல்லை, பங்கு 404.25. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று தந்த இறுதித் தீர்ப்பில் ஆற்றின் மொத்த விளைச்சலை 740 டிஎம்சி என்று எடுத்துக்கொண்டது. அதில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. சுற்றுச்சூழலுக்கென்று 10, தடுக்க முடியாமல் கடலுக்குப் போகும் 4. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று நம் பங்கிலிருந்து 14.75 டிஎம்சியை எடுத்துக் கர்நாடகத்துக்குக் கொடுத்தது. அதன்படி நமக்கு 404.25, அவர்களுக்கு 284.75.

177.25 என்பது கர்நாடகம் எல்லையில், பிலிகுண்டுலுவில், நம்மிடம் ஒப்படைக்க வேண்டிய அளவு மட்டுமே. மிச்சம் பவானி, அமராவதி, நொய்யல் என்று நம் நீர்ப்பிடிப்புகளிலேயே உற்பத்தியாகிறது. பங்கில் பாதிக்கு மேற்பட்ட அந்தத் தண்ணீருக்குக் கணக்கு வைக்க வேண்டியவர்கள் நாம்தான். அங்கே பழிபோட அண்டை மாநிலம் கிடையாது. புதுச்சேரியின் 7 டிஎம்சி விஷயமும் அப்படியே. கும்பகோணத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும் அரசலாறு காரைக்காலில்தான் கடலைச் சேர்கிறது. காரைக்கால்காரர் கண்ணுக்கு நாம்தான் கர்நாடகா.

"மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் 177.25 வந்தே ஆக வேண்டும்."

அதிகம் பேசப்படுவதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். 740 என்பது 50 சதவீத நம்பகத்தன்மை உள்ள எண். நீண்டகாலப் பதிவுகளை வரிசைப்படுத்தினால் பாதி வருஷங்களில் அதற்கு மேலும் பாதி வருஷங்களில் அதற்குக் கீழும் வரும் என்பதே இதன் பொருள். சுவாமிநாத சுவாமி கோயிலுக்கு ஏறும் 60 படிகளும் பிரபவ தொடங்கி அட்சய வரையான 60 தமிழ் வருஷங்களின் பெயரைத் தாங்கியவை. அந்தக் கணக்கில் பார்த்தால் 30 படிகள் குறைச்சலானவை. அவை ஒன்றுவிட்டு ஒன்றாக ஒழுங்காக வருவதுமில்லை. 2002லும் 2003லும் அடுத்தடுத்து வறட்சி வந்ததை டெல்டா மறந்திருக்காது.

குறைந்த வருஷத்தில் என்ன செய்வது? தீர்ப்பே சொல்கிறது: குறைவை எல்லோரும் அவரவர் பங்கின் விகிதத்தில் ஏற்க வேண்டும். மொத்த விளைச்சல் 30 சதவீதம் குறைந்தால் 177.25 என்பது சுமார் 124 ஆகும், கர்நாடகத்தின் 284.75 சுமார் 199 ஆகும். "தண்ணீர் இல்லை, அதனால் தர முடியாது" என்ற வாதத்துக்கு இங்கே இடமில்லை. "எவ்வளவு இல்லாவிட்டாலும் முழுசாகக் கொடு" என்ற வாதத்துக்கும் இல்லை.

உண்மையான தகராறு அந்த 30 சதவீதத்தை யார், எப்போது, எதை வைத்துச் சொல்வது என்பதில் இருக்கிறது. நீராண்டு ஜூன் 1-இல் தொடங்குகிறது. 2018-க்குப் பிந்தைய அட்டவணைப்படி ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76 டிஎம்சி வரவேண்டும். ஆகஸ்டில் நிற்கும்போது அந்த வருஷத்தின் மொத்த விளைச்சல் யாருக்கும் தெரியாது. எனவே காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு கிருஷ்ணராஜசாகர் (கேஆர்எஸ்), கபினி, ஹேமாவதி, ஹாரங்கி ஆகிய 4 அணைகளுக்கு அதுவரை வந்த நீரை முந்தைய 30 வருஷச் சராசரியோடு ஒப்பிட்டுப் பற்றாக்குறையைக் கணிக்கிறது. கணிப்பு முறை இருக்கிறது, ஆனால் தட்டுப்பாட்டு வருஷத்துக்கென்று எல்லா மாநிலங்களும் ஒப்புக்கொண்ட சூத்திரம் இல்லை. அதனால் ஒவ்வொரு தடவையும் 15 நாள் உத்தரவு, மறுபரிசீலனை மனு, பந்த். 2023 ஆகஸ்டில் விநாடிக்கு 5,000 கன அடி வீதம் 15 நாள் திறக்கச் சொன்னார்கள். மொத்தமே ஆறரை டிஎம்சி. அதற்கே மண்டியாவில் சாலை மறியல், இங்கே ரயில் மறியல்.

"வெள்ள வருஷத்தில் கூடுதலாக வந்ததே, அதோடு கணக்கு நேர்."

இந்த நம்பிக்கை நம் ஊர்க்காரர்களுடையது இல்லை. பெங்களூரிலும் டெல்லியிலும் சொல்லப்படுவது. 2022-23 நீராண்டில் பிலிகுண்டுலுவைக் கடந்தது 600 டிஎம்சிக்கு மேல். அடுத்த ஆண்டு வந்தது 177.25-இல் பாதிகூட இல்லை. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஆண்டுக்கு 300-ஐத் தாண்டும். தாளில் டெல்டா செழித்திருக்கிறது. வயலில் நடந்தது வேறு: 2023-இல் குறுவை காய்ந்தது, ஜனவரி 28 வரை திறந்திருக்க வேண்டிய மேட்டூர் அக்டோபர் 10-ஆம் தேதியே பாசனத்துக்கு மூடப்பட்டது. மேட்டூரின் கொள்ளளவு 93.47 டிஎம்சிதான். அதற்கு மேல் வரும் வெள்ளத்தை அடுத்த வருஷத்துக்குக் கட்டி வைக்க இடமில்லை. தீர்ப்பு மாதவாரி அட்டவணை போட்டதும், அதைப் பத்து நாள் தவணையாகப் பிரித்துத் திறக்கச் சொன்னதும் இதனால்தான். நாற்றங்காலுக்குத் தேவைப்படும் வாரத்தில் வராத தண்ணீர் அறுவடைக்குப் பிறகு எவ்வளவு வந்தென்ன?

"மேட்டூர் 60 அடி, பாதி அணை நிரம்பிவிட்டது."

முழு உயரம் 120 அடி, ஆகையால் 60 அடி பாதி என்று நினைப்பது இயல்பு. ஆனால் அணை அடியில் குறுகலாகவும் மேலே அகலமாகவும் இருக்கிறது. 60 அடியில் இருப்பு சுமார் 25 டிஎம்சி, கொள்ளளவில் கால் பங்குக்குக் கொஞ்சம் கூடுதல். 100 அடியில் சுமார் 65. கடைசி 20 அடியில் மட்டும் 28 டிஎம்சி சொச்சம் அடங்கியிருக்கிறது. செய்தியில் அடியைக் கேட்டால் கூடவே டிஎம்சியையும் கேளுங்கள்.

"கேஆர்எஸ்-இல் இத்தனை ஆயிரம் கன அடி திறந்துவிட்டார்கள்."

டிவியில் ஓடும் திறப்புக் கணக்கு நமக்குக் கிடைத்த கணக்கு இல்லை. சட்டப்படி செல்லுபடியாகும் அளவு, மத்திய நீர் ஆணையம் பிலிகுண்டுலுவில் அளப்பது மட்டும். விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் ஒரு டிஎம்சி. இந்த ஒரு வாய்ப்பாடு தெரிந்தால் பாதிச் செய்திகளை நீங்களே சரிபார்த்துவிடலாம்.

"கடலில் கலப்பதெல்லாம் வீண்."

மேடைகளில் கைதட்டு வாங்கும் வாக்கியம் இது. தீர்ப்பே சுற்றுச்சூழலுக்கு 10 டிஎம்சியைத் தனிப்பங்காக ஒதுக்கியிருக்கிறது. நாம் கேட்டு வாங்கும் 177.25-க்குள்ளேயே அந்த 10-உம் அடங்கியிருக்கிறது. ஆற்றில் நன்னீர் இறங்காவிட்டால் உப்புநீர் முகத்துவாரம் வழியாக ஏறும், கடைமடையில் கிணறும் வயலும் கெடும். வெள்ளம் தண்ணீரை மட்டும் கொண்டுவருவதுமில்லை. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு உருவத்தின் மேல் பூசி வார்ப்புக் கரு கட்டுவது காவிரியின் வண்டல் மண்ணில். அந்த நைசான மண் வேறு ஊரில் அகப்படாது என்பார்கள். வண்டலை அணைக்குள் தேக்கிவிட்டால் அணையும் தூர்ந்துபோகும், கீழேயும் மண் வந்து சேராது. வெள்ள காலத்தில் கொள்ளிடத்தில் போகும் உபரியை இன்னும் கொஞ்சம் தேக்கலாம் என்பது வேறு விவாதம், நியாயமான விவாதம். அதற்காக ஒரு சொட்டுகூடக் கடலுக்குப் போகக் கூடாது என்பது அபத்தம்.

"என் பில்டர் பாயிண்ட் தண்ணீர் எந்தக் கணக்கிலும் வராது."

வந்துவிட்டது. நம் பங்கில் குறைந்த 14.75-இல் 4.75 பெங்களூரின் குடிநீருக்கு. மீதி 10 டிஎம்சி, தமிழ்நாட்டு டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்ற காரணத்தால் போனது. அந்த நிலத்தடி நீர் சுமார் 20 டிஎம்சி என்று நடுவர் மன்றம் குறித்திருந்தது, ஆனால் பங்கீட்டில் சேர்க்கவில்லை. உச்ச நீதிமன்றம் அதில் 10-ஐக் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆக, மேட்டூர் திறக்காத மாதத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஓட்டிய பம்புசெட், கூட்டாக ஒரு பத்து டிஎம்சியாக நீதிமன்றப் படியேறியது.

இதற்குள் ஒரு கணக்குச் சிக்கல் இருக்கிறது. பாபநாசம், சுவாமிமலை, கும்பகோணம் பக்கத்தில் 30, 40 அடியில் ஊறும் தண்ணீரில் பெரும்பகுதி காவிரியும் அதன் கிளைகளும் வாய்க்கால்களும் நெல் வயலும் கசியவிட்டது. ஆற்றில் அதை ஒரு முறையும் கிணற்றில் இன்னொரு முறையும் எண்ணினால் ஒரே தண்ணீர் இரண்டாகிவிடும். எண்ணாமலே விட்டால் இல்லாததாகிவிடும். பிலத்தில் மறைந்த காவிரியின் கதை இன்றைக்கு நீரியலாளருக்கு வேலையாகியிருக்கிறது.

வாய்க்காலுக்கு சிமென்ட் தளம் போடுவதிலும் இதே கண்கட்டுதான். கசிவைத் தடுத்து இத்தனை டிஎம்சி மிச்சம் என்பார்கள். அந்தக் கசிவை நம்பித்தான் பக்கத்துக் கிணறு ஊறிக்கொண்டிருந்தது. கடைமடைக்குத் தண்ணீர் சீக்கிரம் போகும், அது லாபம். ஆனால் மிச்சம் என்று எழுதியதில் ஒரு பகுதி, ஒருவர் பையிலிருந்து எடுத்து இன்னொருவர் பையில் போட்டது. வயலுக்குள் விட்டது எவ்வளவு என்பது ஒரு கேள்வி. பயிரும் வெயிலும் குடித்துத் திரும்பி வராமல் போனது எவ்வளவு என்பது வேறு கேள்வி. பங்கீட்டுக் கணக்கு நியாயமாக இருக்க இரண்டாவதற்குப் பதில் வேண்டும். நாம் முதலாவதையே இன்னும் மடை மடையாக அளக்கவில்லை.

"கணினி மாதிரி ஒன்று போட்டுவிட்டால் சண்டை தீர்ந்துவிடும்."

தீராது, ஆனால் சண்டை சுருங்கும். ஆற்றுப்படுகை மாதிரி செய்யும் வேலை இது: கடந்த 30, 40 வருஷ நீர்வரத்தை நாள்வாரியாக ஓடவிட்டு, ஒவ்வொரு அணையிலும் சேர்த்து, திறந்து, வழியில் ஆவியாவதையும் கசிவதையும் கழித்து, இந்த விதியைக் கடைப்பிடித்திருந்தால் எந்தெந்த வருஷத்தில் யாருக்கு எவ்வளவு குறைந்திருக்கும் என்று காட்டும். மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆவதும், அதற்குக் கீழே கடைமடைக்குப் போக மேலும் நாளாவதும் அதில் அடங்கும். விதியை மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். எந்த விதி நியாயம் என்று அது சொல்லாது. அதை மனிதர்கள்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றில் இப்படி மாதிரியும் கணக்கும் வைத்துத்தான் நடத்துகிறார்கள். கடைமடை மாநிலமான தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு சாதாரண ஆண்டில் 1,850 கிகாலிட்டர், நம் அளவில் சுமார் 65 டிஎம்சி. மேலே ஹியூம், டார்ட்மவுத் அணைகளில் இருக்கும் தண்ணீரில் நியூ சவுத் வேல்ஸ் இருப்பு எவ்வளவு, விக்டோரியா இருப்பு எவ்வளவு என்று தனித்தனிக் கணக்கு நடக்கிறது. அங்கேயும் வழக்கு உண்டு, கூச்சல் உண்டு. ஆனால் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைப் பற்றி இங்கே போல ஆகஸ்ட் தோறும் அடித்துக்கொள்வது குறைவு.

உச்ச நீதிமன்றம் இந்தப் பங்கீட்டை 15 வருஷத்துக்கு மாற்றக் கூடாது என்றது. அது 2033-இல் முடிகிறது. அன்றைக்கு மறுபடி பங்கு கேட்டு நிற்கும்போது பழைய முழக்கம் உதவாது. கல்லணைக்குக் கீழே எந்த ஆற்றில், எந்த வாய்க்காலில், எந்தப் பத்து நாளில் எவ்வளவு ஓடியது, கிணறுகளின் நீர்மட்டம் எப்படி ஏறி இறங்கியது என்ற தொடர்ச்சியான பதிவு வேண்டும். அடுத்த முறை ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போனால், எப்போது திறப்பீர்கள் என்று கேட்பதோடு நிற்காதீர்கள். சென்ற பத்து நாளில் உங்கள் ஆற்றில் வந்தது எவ்வளவு, அதை எங்கே அளந்தீர்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.