பெரிய டயருக்கு எந்த முன் ஆக்ஸில்? – பழைய ஜீப் வைத்திருப்போருக்கு ஒரு பாடம்



ஷாதிபூரில் நான் நடத்தும் சிறிய பட்டறைக்குப் பழைய ஃபோர் வீல் ஜீப்புகள் அடிக்கடி வரும். வாங்கியவர் முதலில் கேட்பது பெரிய டயர். அடுத்துக் கேட்பது, "முன் ஆக்ஸில் தாங்குமா அண்ணே, வேறு மாற்றிவிடலாமா?" என்பது. பலருக்கு இது சோறு போடும் வண்டி. மாற்றும் செலவு சில மாத வருமானத்தை விழுங்கிவிடும். ஆகவே ஆக்ஸில் தேடுமுன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பதில் கணக்கில்தான் இருக்கிறது.

1. டயர் என்ன செய்கிறது?

வில்லிஸ் வழிவந்த பழைய மஹிந்திரா ஜீப்பின் டயர் 6.00-16. அதன் உயரம் சுமார் 28½ அங்குலம். அந்த இடத்தில் 33 அங்குல டயர் போட்டால், 33 ÷ 28.5 = 1.16. இந்த ஓர் எண்ணிலிருந்து மூன்று செய்திகள் கிடைக்கின்றன.

(அ) டயர் வழுக்கிச் சுழல்வதற்கு முன் ஆக்ஸில் ஷாப்ட் தாங்கவேண்டிய முறுக்கு விசை சுமார் 16 சதவிகிதம் கூடுகிறது. டயர் அகலமாகவும் இருந்து தரையை இறுகப் பிடித்தால் இன்னும் கூடும்.

(ஆ) அதே பிரேக் டிரம், அதே மிதி. ஆனால் தரையில் கிடைக்கும் பிரேக் விசை சுமார் 14 சதவிகிதம் குறைகிறது. மழையில் இறக்கத்தில் வரும்போது இதன் பொருள் தெரியும்.

(இ) மீட்டர் 50 காட்டும்போது வண்டி 58-ல் ஓடுகிறது.

2. முன்பக்கம் ஏன் முதலில் ஒடிகிறது?

பின் ஆக்ஸிலின் ஷாப்ட் நேரான கம்பி. முன் ஷாப்ட் அப்படியல்ல. சக்கரம் திரும்பவேண்டும் என்பதற்காக அதன் நடுவே ஒரு மூட்டு இருக்கிறது. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்த நிலையில் மூட்டு வளைந்து நிற்கும். அப்போது அதன் மேல் பளு மிக அதிகம். ஒரு சக்கரம் கல்லிடுக்கில் மாட்டியிருக்க, லோ கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால், கிராஸோ அதைப் பிடிக்கும் காதோ உடையும். ஆகவே முதல் மருந்து காசில்லாதது: ஸ்டியரிங்கை நேராக்கி, பின்னால் எடுத்து, மறுபடி ஏறுங்கள்.

சி.ஜே.3பி போன்ற பழைய ஜீப்புகளின் முன் ஆக்ஸில் ஸ்பைசர் 25 வகை. சக்கரத்தின் உட்புறம் உருண்டையான கூடு இருக்கும். மூட்டு அதற்குள் கிரீஸில் மறைந்திருக்கும். பின்னாளில் வந்த டானா 30 போன்றவற்றில் மூட்டு திறந்து, கிராஸ் கண்ணுக்குத் தெரியும். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் உங்களுடையது எது என்று தெரிந்துவிடும்.

3. பல்லை எண்ணுங்கள்

கிரவுன் வீலின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் ஆக்ஸிலின் விகிதம் வரும். 43 ÷ 8 என்றால் 5.38; 39 ÷ 8 என்றால் 4.88. பழைய ஜீப்புகளில் இரண்டும் உண்டு. 5.38 உள்ள வண்டியில் 33 அங்குல டயர் போட்டால், அது 4.64 விகிதம் உள்ளதுபோல் இழுக்கும். ஏற்றத்தில் சோர்ந்துபோகும், கிளட்ச் தேயும்.

முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருந்தே தீரவேண்டும். இவ்வண்டிகளில் இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவே டிபரென்ஷியல் கிடையாது. விகிதம் மாறினால் கெட்டியான தரையில் ஒன்றையொன்று இழுத்து, டிரான்ஸ்பர் கேஸை உடைத்துவிடும். ஆகவே முன் ஆக்ஸிலை மட்டும் வாங்கி வருவது பாதி வேலைதான்.

4. எதைத் தேர்ந்தெடுப்பது?

31 அங்குலம் வரை: இருக்கும் ஆக்ஸிலே போதும் என்பது என் கருத்து. கிராஸ், கிங் பின் பேரிங், வீல் பேரிங், ஆயில் சீல் ஆகியவற்றைப் புதிதாகப் போடுங்கள்.

33 அங்குலம்: டானா 44 வகை பொருத்தம். அதன் கிரவுன் வீல் 8½ அங்குலம். டானா 30-இல் சுமார் 7¼ தான்.

அதற்கு மேல்: 9¾ அங்குல கிரவுன் வீல் உள்ள டானா 60 வகை. அதன் எடைக்கு ஸ்பிரிங், ஸ்டியரிங், பிரேக் எல்லாம் மாறவேண்டும். வண்டியின் பெயர் மட்டும்தான் பழையது.

வாங்குமுன் நான்கு அளவு பாருங்கள். டிபரென்ஷியல் எந்தப் பக்கம் இருக்கிறது? வில்லிஸ் வழி ஜீப்பில் வலப்பக்கம். பல வண்டிகளில் இடப்பக்கம். ஆக்ஸிலின் அகலம் என்ன? ஸ்பிரிங் உட்காரும் இடம் ஒத்துவருமா? வீல் போல்ட் வட்டம் எவ்வளவு? வில்லிஸில் 5 போல்ட், 5½ அங்குல வட்டம். ராணுவ ஏலத்தில் வந்த ஜோங்காவின் ஆக்ஸில் மலிவாகக் கிடைத்தாலும், இந்நான்கையும் அளக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

5. நம் தீவுக்கென்று இரண்டு

உப்பும் தண்ணீரும்: ஓடிச் சூடான ஆக்ஸில் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் குளிர்ந்து, உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் உடனே மாற்றுங்கள். பிரீதரில் ரப்பர் குழாய் மாட்டி உயரத்தில் கட்டிவிடுங்கள்.

உதிரிபாகம்: சென்னையிலிருந்து கப்பலில் வருவதற்குள் நாள் பல ஆகும். திக்லிப்பூர் செல்லும் அந்தமான் டிரங்க் ரோடு 300 கிலோமீட்டருக்கு மேல். ஜிர்காடாங்கைத் தாண்டி ஜாரவா வனப்பகுதியில் கான்வாயில்தான் போகவேண்டும். வழியில் நிற்க அனுமதியில்லை. அங்கே ஆக்ஸில் ஒடிந்தால் உங்கள் குடும்பத்துக்கு மட்டுமல்ல, பின்னால் வரும் எல்லோருக்கும் தொல்லை. எளிதில் பாகம் கிடைக்கும் ஆக்ஸிலே இங்கு வலுவான ஆக்ஸில்.

6. சட்டம்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. ஆகவே போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் முதலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். செலவு அதற்குப் பிறகுதான்.

சுருங்கச் சொன்னால், டயருக்கேற்ற ஆக்ஸிலைத் தேடுவதைவிட, ஆக்ஸிலுக்கேற்ற டயரைப் போடுவதே பெரும்பாலோருக்கு நல்லது.

பயிற்சி: 4.88 விகிதமுள்ள ஜீப்பில் 28½ அங்குல டயருக்குப் பதில் 31 அங்குலம் போடுகிறோம். பழைய இழுவை திரும்பக் கிடைக்க எந்த விகிதம் வேண்டும்?

விடை: 31 ÷ 28.5 = 1.09. அதை 4.88-ஆல் பெருக்கினால் சுமார் 5.3. ஆகவே 43க்கு 8 பல் கொண்ட 5.38 செட், முன்னும் பின்னும்.