கேஸ் அடுப்பிலிருந்து இண்டக்ஷன் அடுப்புக்கு: சில அனுபவப் பாடங்கள்



சென்ற ஓணத்தின்போது நண்பர்கள் சிலர் ஆனைகட்டியில் உள்ள எங்கள் வீட்டிற்கு வந்திருந்தார்கள். சமையல் மேடையில் கேஸ் அடுப்பு இருந்த இடத்தில் இண்டக்ஷன் அடுப்பைப் பார்த்துவிட்டு, "முழுச் சமையலும் இதிலேயேவா? தோசை வருமா? கரண்ட் பில் என்ன ஆகிறது?" என்று மாறி மாறிக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்வதைவிட நம் இதழில் எழுதினால் பலருக்கும் பயன்படும் என்று தோன்றியதால் இக்கட்டுரை.

ஏன் மாறினோம்?

மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு கடுங்காய்ச்சலுக்குப் பிறகு என் துணைவியாருக்கு வாசனை அறியும் சக்தி போய்விட்டது. மல்லிகையும் தெரியாது, பெருங்காயமும் தெரியாது. அதை நாங்கள் ஒரு சிறு குறையாகத்தான் எண்ணியிருந்தோம். ஒருநாள் மாலை நான் வெளியே போய்விட்டு வீட்டிற்குள் நுழைந்தபோது கேஸ் நெடி மூக்கைத் துளைத்தது. சிம்மில் வைத்திருந்த பால் பொங்கி வழிந்து தீ அணைந்துபோயிருக்கிறது. வாயு மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. துணைவியார் அதே அறையில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்! நான் எந்தச் சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, அவரைக் கைபிடித்து வெளியே அழைத்து வந்தேன்.

சமையல் வாயுவுக்கு இயற்கையில் மணம் கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் நெடியுள்ள பொருளைக் கலக்கிறார்கள். அதாவது அந்தப் பாதுகாப்பு ஏற்பாடு முழுவதும் நம் மூக்கை நம்பியிருக்கிறது. மேலும் இவ்வாயு காற்றைவிடக் கனமானது; தரையோடு தேங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். வயது ஏற ஏற மோப்ப சக்தி பலருக்குக் குறைகிறது என்பதையும் நம்மில் மூத்தவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

ரயில்வேயில் பணிபுரிந்தவன் என்பதால் இன்னொன்றையும் குறிப்பிடுகிறேன். 26-8-2023 அன்று விடியற்காலையில், மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியொன்று தீப்பிடித்து 9 பேர் மாண்டார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த கேஸ் சிலிண்டரே காரணம் எனத் தெரியவந்தது. ரயில்வே தன் சமையல் பெட்டிகளிலும் தீச்சுடர் இல்லாத மின் அடுப்புகளுக்கு மாறி வருகிறது. ஓடும் வண்டிக்கு நல்லது எனில், வாசனை தெரியாதவர் சமைக்கும் வீட்டிற்கும் நல்லதுதானே?

எப்படி வேலை செய்கிறது?

1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இதன் அடிப்படை. கண்ணாடிப் பரப்பின் கீழே செம்புக் கம்பிச் சுருள் ஒன்று உள்ளது. நம் வீட்டிற்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 100 முறை திசை மாறுவது. அடுப்பினுள் உள்ள மின்னணுப் பகுதி அதை வினாடிக்கு 20,000 முறைக்கும் மேல் திசைமாறும்படி ஆக்கிச் சுருளுக்கு அனுப்புகிறது. அதனால் எழும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டங்களை உண்டாக்க, பாத்திரமே சூடாகிறது. கண்ணாடி சூடாவது பாத்திரத்தின் வெப்பம் திரும்பி வருவதால்தான்.

இது எனக்குப் புதிதல்ல. பணிமனையில் பேரிங் வளையத்தை அச்சில் ஏற்றுமுன் விரிவடையச் செய்வதற்கு இதே முறையில்தான் சூடாக்குவோம். ஆகவே "இதில் என்ன கஷ்டம்?" என்ற எண்ணத்தோடுதான் அடுப்பை வாங்கினேன். கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது.

முதல் பாடம்: பாத்திரம்

காந்தம் ஒட்டும் அடிப்பாகம் வேண்டும். அது தட்டையாகவும் இருக்கவேண்டும். ஒரு சிறு காந்தத்தை எடுத்துக்கொண்டு பரணில் உள்ளவற்றையெல்லாம் சோதித்தோம். அலுமினியச் சட்டி, வெண்கலப் பானை, பித்தளை உருளி, ஈயச்சொம்பு, மண்சட்டி எதுவும் தேறவில்லை. எவர்சில்வரில்கூடப் பாதிதான் தேறியது. நிக்கல் கூடுதலாகச் சேர்ந்த நல்ல ரக எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. இரும்புச் சட்டியில் காந்தம் ஒட்டினாலும் அடி உருண்டையாக இருந்ததால் பயனில்லை. தேறியவை இரும்புத் தோசைக்கல்லும் நான்கு பாத்திரங்களும்தான்.

காந்தம் ஒட்டாத பாத்திரத்திற்கு அடியில் வைக்க இரும்புத் தட்டு விற்கிறார்கள். அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தட்டு சூடாகி, அதிலிருந்து பாத்திரம் சூடாவதற்குள் பாதி லாபம் போய்விடும். கண்ணாடியும் அளவுக்கு மீறிச் சூடாகும். அடுப்பின் விலையோடு ஒரு குக்கர், ஒரு தட்டை வாணலி, ஒரு பால் பாத்திரம் ஆகியவற்றின் விலையையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

இரண்டாம் பாடம்: வயரிங்

2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். மிக்சிக்கு உள்ள 6 ஆம்பியர் பிளக் இதற்குத் தாங்காது. எங்கள் வீட்டில் அவசரத்தில் அப்படிச் செருகியதில் இரண்டாவது வாரமே சாக்கெட் கருகிவிட்டது. படித்தவன் செய்யக்கூடாத தவறு, செய்தேன். 16 ஆம்பியர் சாக்கெட், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், சரியான எர்த், இ.எல்.சி.பி. ஆகியவை இருக்கவேண்டும். எக்ஸ்டென்ஷன் கயிறு கூடவே கூடாது.

அடுப்பின் அடியில் காற்று போவதற்கான வழியைச் செய்தித்தாளோ பிளாஸ்டிக் விரிப்போ அடைக்கக்கூடாது. சமையல் முடிந்ததும் உள்ளே விசிறி நின்ற பிறகே பிளக்கை அணைக்கவேண்டும். சூட்டிற்காகக் கரப்பான்பூச்சிகள் உள்ளே புகும். சுற்றுப்புறத்தைத் துடைத்து வைப்பது அவசியம். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவேண்டும். இயங்கும் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளியிருப்பது பொதுவான அறிவுரை.

மூன்றாம் பாடம்: கைப்பக்குவம்

முதல் வாரம் எங்கள் வீட்டில் சண்டைதான். நான் வாட் கணக்குச் சொல்வேன். துணைவியார், "தீயே தெரியலையேங்க, எதைப் பார்த்துச் சமைக்கிறது?" என்பார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது என்று பிறகுதான் உணர்ந்தேன். நாற்பது ஆண்டுகளாக அவர் தீயின் உயரத்தைக் கண்ணாலும் தாளிப்பின் பதத்தை மூக்காலும் அளந்து சமைத்தவர். மூக்கு ஏற்கனவே போயிற்று. இப்போது நான் தீயையும் எடுத்துவிட்டேன். "இனிமேல் நீங்களே சமையுங்கள்" என்று கரண்டியை வைத்துவிட்டார். இரண்டு நாள் நானே சமைத்தேன். அந்த இரண்டு நாளில் கருகிய தாளிப்பையும் வேகாத பருப்பையும் தின்ற பிறகுதான் இருவரும் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதினோம். அதன் சாரம் இதோ:

1. தீயை எண்ணாக மாற்றுதல்: எங்கள் அடுப்பில் சிம் என்பது 300 முதல் 400 வாட், நடுத்தரம் 800, முழுத்தீ 1600. சுவரில் எழுதி ஒட்டிக்கொண்டோம். குறைந்த வாட்டில் பல அடுப்புகள் உண்மையில் வேகத்தைக் குறைப்பதில்லை. சில வினாடி எரிந்து, சில வினாடி நிற்கின்றன. ஆகவே பால், பாயசம் போன்றவற்றிற்குக் கனமான அடியுள்ள பாத்திரமே ஏற்றது.

2. தாளிப்பு: சிறிய தாளிப்புக் கரண்டியை அடுப்பு பாத்திரமாகவே ஏற்காது. அடி சுமார் 12 செ.மீ. அகலமாவது வேண்டும். வெறும் வாணலி அரை நிமிடத்தில் கொதிக்கும் சூட்டை அடைந்துவிடும். ஆகவே எண்ணெயும் கடுகும் போட்ட பிறகே அடுப்பைப் போடவேண்டும், அதுவும் 600 வாட்டில். புகையும் எண்ணெயை வாசனையால் அறியமுடியாதவருக்குக் கடுகு வெடிக்கும் சத்தமே அடையாளம். வெடித்ததும் முதலில் அடுப்பை அணைத்துவிட்டுக் கறிவேப்பிலை போடுகிறார்; மிச்சச் சூடே போதும்.

3. குக்கர்: விசில் கணக்கு இங்கே ஏமாற்றும். இந்த அடுப்பில் ஐந்தாறு நிமிடத்தில் மூன்று விசில் வந்துவிடும். பருப்பு கல்லாக இருக்கும். பருப்பை வேகவைப்பது விசில் அல்ல, அழுத்தத்தில் இருக்கும் நேரம். முதல் விசிலுக்குப் பின் 500 வாட்டுக்குக் குறைத்து, கடிகாரம் பார்த்து எட்டு நிமிடம் வையுங்கள்.

4. தோசை: சுருள் இருக்கும் வட்டம் மட்டுமே நேரடியாகச் சூடாகும். கல்லை 700 வாட்டில் ஐந்து நிமிடம் மெதுவாகக் காயவிடுங்கள். எடுத்தவுடன் முழு வேகம் வைத்தால் கல் வளைந்துவிடலாம். தோசையைச் சற்றுச் சிறிதாக வார்த்தால் ஓரமும் முறுகலாக வரும்.

5. முடியாதவை: அப்பளம், கத்தரிக்காய் சுடுவதும் மண்சட்டி மீன்குழம்பும் ஈயச்சொம்பு ரசமும் இதில் நடக்காது. அவற்றுக்குப் பின்கட்டில் விறகடுப்பு இருக்கிறது.

நான்காம் பாடம்: செலவுக் கணக்கு

14.2 கிலோ சிலிண்டரில் உள்ள மொத்த வெப்பம் ஏறத்தாழ 180 யூனிட் மின்சாரத்திற்குச் சமம். கேஸ் அடுப்பின் வெப்பத்திறன் குறைந்தது 68 சதவீதம் இருக்கவேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம்; வீட்டில் காற்றும் சிறிய பாத்திரமும் சேர்ந்து 60 ஆகக் குறையலாம். இண்டக்ஷனுக்கு 85 சதவீதம் என்று கொண்டால், ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை 127 முதல் 144 யூனிட் மின்சாரம் செய்துவிடும். இருவர் மட்டுமே உள்ள எங்கள் வீட்டில் ஒரு சிலிண்டர் இரண்டு மாதம் வந்தது. இப்போது இரண்டு மாத பில்லில் ஏறியிருப்பதும் சுமார் 130 யூனிட், கணக்கு பொய்க்கவில்லை.

ஆனால் லாபமா நஷ்டமா என்பது உங்கள் பில்லின் படிநிலையைப் பொறுத்தது. கேரளத்தில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் முழு உபயோகத்திற்கும் ஒரே உயர்ந்த கட்டணம். அந்த எல்லையை ஒட்டி இருப்பவர்கள் யோசிக்கவேண்டும். கூடும் யூனிட்டுகளுக்கு எந்தப் படிநிலைக் கட்டணம் வருமோ அதைப் பெருக்கி, சிலிண்டர் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஐந்தாம் பாடம்: மின்தடை

மலையடிவாரத்தில் ஆனி, ஆடி மழைக்கு மரம் விழுந்தால் மின்சாரம் மணிக்கணக்கில் போகும். சாதாரண இன்வெர்ட்டர் இந்த அடுப்பைத் தாங்காது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் முழுமையாக எடுத்தாலும் 1.8 யூனிட்தான், இரண்டு வேளைச் சமையலுக்கே காணாது. ஆகவே கேஸ் இணைப்பை நாங்கள் ரத்து செய்யவில்லை. ஆனால் நான் வீட்டில் இருக்கும்போது மட்டுமே அதைத் தொடுவது, வேலை முடிந்ததும் ரெகுலேட்டரை மூடுவது என்று விதி. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கசிவு எச்சரிக்கைக் கருவி ஒன்றும் பொருத்தியிருக்கிறேன். கேஸ் கசிவுக்கு அழைக்கவேண்டிய அவசர எண் 1906. எல்லோரும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

2012 செப்டம்பரில் மானிய சிலிண்டர் ஆண்டுக்கு ஆறு என்று மத்திய அரசு கட்டுப்படுத்தியபோது பலர் இண்டக்ஷன் அடுப்பு வாங்கினார்கள். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மின்வெட்டும் கடுமை. வாங்கிய அடுப்புகளில் எத்தனையோ பரணுக்குப் போயின. தென் அமெரிக்காவில் எக்வடார் நாடு 2014-ல் 30 லட்சம் வீடுகளை இண்டக்ஷனுக்கு மாற்றத் திட்டமிட்டபோது, அடுப்போடு பாத்திரங்களையும் 220 வோல்ட் இணைப்பையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருந்தது. அடுப்பு, பாத்திரம், வயரிங், பழக்கம் ஆகிய நான்கில் ஒன்று குறைந்தாலும் அடுப்பு பரணுக்குத்தான் போகும்.

முடிவாக ஒரு வார்த்தை. வாங்கித் தருபவர் ஒருவராகவும் சமைப்பவர் வேறொருவராகவும் இருக்கும் வீடுகளில், வாங்கியவர் குறைந்தது இரண்டு நாளாவது அதில் சமைத்துப் பார்க்கவேண்டும். இப்போது என் துணைவியார் சுவரில் ஒட்டிய தாளைப் பார்ப்பதேயில்லை. கடுகின் சத்தத்திலும் குக்கரின் சத்தத்திலும் பதம் சொல்லிவிடுகிறார். உப்பும் பெருங்காயமும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் என் வேலை. நானும் கவலையில்லாமல் கடைத்தெருவுக்குப் போய் வருகிறேன்.