டியூஷன் வாசலில் ஓர் அத்தியாயம்

எழுத நேரம் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் பிள்ளைக்குக் கல்யாணமே ஆகிவிடும். அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசன் பதிப்பகத்தில் வேலை பார்த்தபடி இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்தவர். அவர்கள் கண்விழிக்கும் முன், விடியற்காலையில் எழுதினார். முதல் நாவல் 1970இல் வெளிவந்தது.

காலையில் குக்கரும் டிபன் பாக்ஸும் விடாது என்பவர்கள், டியூஷன் வாசலில் நிற்கும் அரைமணியைப் பிடித்துக்கொள்ளலாம். கைப்பையில் 80 பக்க நோட்டு ஒன்று போதும். போன் வேண்டாம், ஸ்கூல் வாட்ஸ்அப் குழு எழுத விடாது. நிறுத்தும்போது அடுத்து என்ன என்பதை ஓரத்தில் குறித்துவையுங்கள்: ‘மாமியார் கடிதத்தைப் பிரிக்கிறாள்’ என்பதுபோல. மறுநாள் பேனாவை எடுத்ததும் தொடரலாம். வாரத்தில் ஒரு மாலை பிள்ளைகளை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளட்டும். அன்றைக்கும் துணி மடிக்க உட்கார்ந்துவிடாதீர்கள்!