மார்ச் 7-ஆ, ஜூலை 3-ஆ? காலண்டர் மாற்றும்போது தேதி புரளாமல் இருக்க

குழந்தைக்குத் தடுப்பூசி, இன்சூரன்ஸ் பிரீமியம், வீட்டு வரி... எல்லாத் தேதியையும் ஒரு எக்செல் பட்டியலில் எழுதி, அதை அப்படியே போன் காலண்டருக்கு மாற்றுவது நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்காவிட்டால் நினைவூட்டல் தப்பான நாளில் அடிக்கும்.

சிக்கல் எங்கே?

நாம் நாள்/மாதம்/ஆண்டு என்று எழுதுகிறோம். அமெரிக்காவில் மாதம்/நாள்/ஆண்டு. சி.எஸ்.வி. கோப்புக்குக் கூகுள் காலண்டர் காட்டும் மாதிரியும் அமெரிக்க வரிசைதான். நீங்கள் 07/03/2026 என்று எழுதிய மார்ச் 7 தடுப்பூசி, ஜூலை 3-க்குப் போய்விடும். மார்ச்சில் போன் வாயே திறக்காது.

25/03 என்றால் பிழை தெரிந்துவிடும். 25-ஆவது மாதம் கிடையாதே! நாள் 12-க்குள் இருந்தால்தான் ஆபத்து. 05/05 போன்றவை புரண்டாலும் ஒன்றுதான். அவற்றைக் கழித்தால், ஆண்டுக்கு 132 நாட்கள் சத்தமில்லாமல் மாறக்கூடியவை.

சரிசெய்வது எப்படி?

இம்போர்ட் வசதி போன் ஆப்பில் கிடையாது. கணினியில்தான் செய்ய வேண்டும்.

1. முதலில் அசல் கோப்பை நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. கூகுள் ஷீட்ஸில் வெற்றுத் தாள் ஒன்றைத் திறந்து, 'ஃபைல் – செட்டிங்ஸ் – லொகேல்' பகுதியில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். அதன்பிறகே கோப்பை உள்ளே கொண்டுவாருங்கள். வரிசை மாறினால் பலன் இல்லை.

3. தேதிகள் கட்டத்தின் வலது ஓரம் நிற்கிறதா பாருங்கள். இடது ஓரம் ஒட்டியிருந்தால் அது வெறும் எழுத்து, தேதியாக ஏறவில்லை. திரும்ப டைப் செய்யுங்கள்.

4. தேதிப் பத்தியைத் தேர்வுசெய்து, 'ஃபார்மேட் – நம்பர் – கஸ்டம் டேட் அண்ட் டைம்' சென்று மாதம், நாள், ஆண்டு என்ற வரிசைக்கு மாற்றுங்கள். பத்தித் தலைப்புகள் 'சப்ஜெக்ட்', 'ஸ்டார்ட் டேட்' என ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும்.

5. சி.எஸ்.வி. ஆகப் பதிவிறக்குங்கள்.

6. கூகுள் காலண்டரில் 'சோதனை' என்று புதுக் காலண்டர் உருவாக்கி, அதில் மட்டும் இம்போர்ட் செய்யுங்கள். தப்பாக வந்தால் அந்தக் காலண்டரையே நீக்கிவிடலாம். பழைய குறிப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

சோதிக்கும்போது 20, 25 தேதிகளைப் பார்த்துத் திருப்தி அடையாதீங்க. 12-க்குள் இருக்கும் மூன்று தேதிகளை அசல் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அவை சரியென்றால் மற்றதும் பெரும்பாலும் சரிதான். அதே கணக்கு போனில் இருந்தால் குறிப்புகள் தானாக வந்துவிடும்.

இன்னும் இரண்டு குறிப்புகள்

ஒரு காலண்டரிலிருந்து இன்னொரு காலண்டருக்கு நேராக மாற்றுவதாக இருந்தால் ஐ.சி.எஸ். கோப்பே போதும். அதில் தேதி 20260307 என ஆண்டு, மாதம், நாள் வரிசையில் இருப்பதால் குழப்பமே வராது.

பிரவுசிங் சென்டரில் செய்தால், முடித்ததும் கணக்கிலிருந்து லாக் அவுட் செய்து, பதிவிறக்கிய கோப்பையும் அழித்துவிட்டு எழுந்திருங்கள்.