வெற்றுக் கட்டங்கள்

நுழையும்முன்
ஒரு கணினியில் செம்மையாக இயங்கும் மென்பொருள் மற்றொன்றில் இயங்க மறுக்கலாம். அக்குறையைக் கண்டறியும் பணியில் ஊதியம் பெறாத தன்னார்வலர் பலர் ஈடுபட்டுள்ளனர். அவர்களுடைய உழைப்பு எட்டாத இடங்களை எவ்வாறு அறிவது?

பெர்ல் என்னும் நிரல்மொழியை லாரி வால் 1987ஆம் ஆண்டு வெளியிட்டார். அம்மொழியில் எழுதப்பட்ட நிரல்தொகுப்புகளைச் சேர்த்து வைக்கும் பொதுக் களஞ்சியம் 'சீபேன்' ஆகும். அதில் புதிய தொகுப்பு ஒன்று சேர்ந்ததும், பல நாடுகளில் உள்ள தன்னார்வலர்கள் அதனைத் தத்தம் கணினியில் இயக்கிப் பார்க்கின்றனர். தேறியதா, தவறியதா என்னும் அறிக்கை, இயங்குதளத்தின் பெயரோடும் பெர்ல் பதிப்பின் எண்ணோடும் பதிவாகிறது. 1998இல் தொடங்கிய இம்முயற்சி 'சீபேன் சோதனையாளர்கள்' எனப்படுகிறது.

அறிக்கைகளை அட்டவணையாக்கிப் பார்த்தால் சில கட்டங்கள் நிரம்பி வழியும். சில வெறுமையாகக் கிடக்கும். இதில் வியப்பில்லை. தன்னார்வலர் தம்மிடம் உள்ள கணினியில்தானே சோதிக்க இயலும்? வெற்றுக் கட்டத்தில் தோல்வி இல்லை என்பது உண்மையே. அங்கு வெற்றியும் இல்லை. அவ்வகைக் கணினியை நம்பியிருப்பவரே முதல் சோதனையாளர் ஆகிவிடுகிறார். அவருடைய வேலை கெட்ட பின்னரே பிழை வெளிப்படுகிறது. எண்ணிக்கையும் நம்மை ஏமாற்றும். ஒரே கணினியிலிருந்து வந்த நூறு அறிக்கைகள் நூறு சான்றுகள் ஆகா.

நிரம்பிய கட்டத்தினுள்ளும் இடைவெளி மறைந்திருக்கும். 'கொற்கை' என ஒரு கோப்பிற்குப் பெயரிடுவதாகக் கொள்வோம். 'கொ'வில் உள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் குறி, துணைக்கால் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். லினக்ஸ் பொதுவாகக் கொடுத்த வடிவத்திலேயே பெயரைச் சேமிக்கும். மேக் கணினிகளில் நெடுங்காலம் வழங்கிய 'எச்.எஃப்.எஸ். பிளஸ்' என்னும் கோப்புமுறையோ இரண்டாகப் பிரித்தே சேமிக்கும். ஒற்றைக் குறியீட்டில் பெயரிட்ட நிரல், பின்னர்க் கோப்புப் பட்டியலைப் படித்துக் குறியீடுகளை அப்படியே ஒப்பிட்டால், தான் உருவாக்கிய கோப்பையே காணவில்லை என்னும். கண்ணுக்கு ஒரே சொல், கணினிக்கு இரண்டு. ஆங்கிலப் பெயர்களை மட்டுமே இட்டுச் சோதிப்பவர் ஆயிரம் முறை சோதித்தாலும் இப்பிழை அகப்படாது. ஆகவே, எந்தக் கணினியில் சோதித்தனர் என்பதோடு எதைக் கொடுத்துச் சோதித்தனர் என்றும் கேட்டல் வேண்டும்.

கற்பவை கற்றபின்
'கொற்கை', 'மோர்', 'கௌதாரி' ஆகிய பெயர்களில் கோப்புகளை உருவாக்கி, ஆய்வகக் கணினி, மடிக்கணினி, திறன்பேசி ஆகியவற்றில் தேடிக் காண்க. முடிவுகளை அட்டவணைப்படுத்துக. சோதிக்காத கட்டங்களை வெறுமையாகவே விடுக.