மலைப்பாதையில் இரண்டு வண்டிகள்

கேமரன் மலையில் பொழுது விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். கம்போங் ராஜா, பிரிஞ்சாங் வட்டாரத்துச் செங்குத்தான பண்ணைப் பாதைகளில், முட்டைக்கோசும் தக்காளியும் நிரம்பிய கூடைகளைச் சுமந்தபடி வண்டிகள் மெல்ல இறங்கி வரும். அவற்றுள் பல, ஓட்டுநரைவிட வயதில் மூத்தவை. நசுங்கிய கதவு, வண்ணம் உதிர்ந்த முகப்பு, கயிற்றால் இழுத்துக் கட்டிய பின்பலகை என்று காட்சி தரும் அந்தப் பழைய லேண்ட் ரோவர்களைச் சுற்றுப்பயணிகள் ஆர்வத்துடன் படமெடுப்பார்கள். காய்கறி விவசாயிக்கு அவை வேடிக்கைப் பொருள் அல்ல, பிழைப்பு.

லேண்ட் ரோவர் முதன்முதலில் 1948ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அறிமுகமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவியதால், அதன் உடற்பகுதியை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள். வேறு வழியின்றி எடுத்த அந்த முடிவு, மழை ஓயாத மலைநாடுகளில் பெரும் நன்மையாக மாறியது. அலுமினியம் எஃகைப் போலத் துருப்பிடிப்பதில்லை. அடிச்சட்டம் எஃகு என்பதால் அதைத் துரு விட்டுவைப்பதில்லை என்பது வேறு கதை.

அதே மலையின் நகரப் பகுதிக்கு வந்தால் காட்சி மாறும். பளபளக்கும் புதிய பிக்கப் வண்டிகள் வரிசையாக நிற்கும். உள்ளே பெரிய தொடுதிரை, பின்புறக் கேமரா, தடம் மாறினால் எச்சரிக்கும் கருவி, முன்னால் செல்லும் வாகனம் திடீரென நின்றால் தானே பிரேக் பிடிக்கும் அமைப்பு என எல்லாம் இருக்கும். இரண்டும் சரக்கு ஏற்றும் வண்டிகள்தாம். ஆயினும், “விடியற்காலை நான்கு மணிக்கு, மழையில், முழுச் சுமையோடு எதை நம்பி ஏறுவீர்கள்?” என்று கேட்டால் பல விவசாயிகளின் கை பழையதையே காட்டும். இந்தத் தேர்வுக்குப் பின்னால் வெறும் பழக்கம் மட்டும் இருக்கிறதா, காரணமும் இருக்கிறதா?

பிக்கப் வண்டியின் உறுதியைப் பற்றிப் பேசும் எவரும் டொயோட்டா ஹைலக்ஸைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. 1968இல் ஜப்பானில் அறிமுகமான இவ்வண்டி இன்று மலேசியத் தோட்டங்களிலும் கட்டுமானத் தளங்களிலும் சாதாரணமாகக் காணப்படுகிறது. 2003ஆம் ஆண்டு, ‘டாப் கியர்’ என்னும் பிரிட்டன் தொலைக்காட்சி நிகழ்ச்சியினர் 1988இல் தயாரான ஒரு டீசல் ஹைலக்ஸை அழித்துப் பார்க்க முயன்றனர். கடல் ஏற்றத்தில் மூழ்கவிட்டார்கள், தீயிட்டார்கள், இறுதியில் இடிக்கப்படவிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில் நிறுத்திக் கட்டடத்தோடு சேர்த்துத் தகர்த்தார்கள். பழுதுபார்ப்பவர் புதிய உதிரிபாகம் எதையும் பயன்படுத்தக் கூடாது, சாதாரணக் கருவிகள் மட்டுமே என்பது விதி. அப்படியும் அந்த இயந்திரம் மீண்டும் இயங்கியது. இது அறிவியல் சோதனை அன்று. ஒரே ஒரு வண்டியைக் கொண்டு நடத்திய கேளிக்கை. ஆனாலும் எளிய அமைப்பு எதைத் தாங்கும் என்பதை அது கண்முன் காட்டியது.

அந்தக் காலத்து டீசல் இயந்திரத்திற்குக் கணினி தேவைப்படவில்லை. பல்சக்கரத்தால் அல்லது பட்டையால் சுழலும் ஓர் எரிபொருள் பம்பு, எப்போது எவ்வளவு டீசலைச் செலுத்த வேண்டும் என்பதை முழுவதும் உலோக அசைவுகளாலேயே தீர்மானித்தது. டீசல் இயந்திரத்தில் தீப்பொறிச் செருகி கிடையாது. காற்றை அழுத்தும்போது உண்டாகும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கும். எனவே, மின்கலம் செயலிழந்துவிட்டாலும் அத்தகைய வண்டிகள் பலவற்றைச் சரிவில் உருட்டிவிட்டே கிளப்பிவிடலாம். மலைநாட்டில் சரிவுக்கா பஞ்சம்?

இன்றைய டீசல் இயந்திரத்தின் கதை வேறு. ‘காமன் ரெயில்’ எனப்படும் முறையில், டீசல் ஒரு பொதுக் குழாயில் மிகக் கடுமையான அழுத்தத்தில் தேக்கிவைக்கப்படுகிறது. அந்த அழுத்தம் 2,000 பார் அளவைத் தொடக்கூடும். ஒரு மகிழுந்து டயரில் உள்ள காற்றழுத்தம் ஏறக்குறைய 2 பார்தான் என்பதோடு ஒப்பிட்டால் அதன் கடுமை விளங்கும். கணினி ஆணையிட்டதும், ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே அகலமுள்ள துளைகள் வழியாக டீசல் பனிப்புகைபோல் பீய்ச்சப்படும். பலன் உண்மையானது: சிறிய இயந்திரம் கூடுதல் ஆற்றலைத் தருகிறது, எரிபொருள் மிச்சமாகிறது, கரும்புகை குறைகிறது. ஆனால், அவ்வளவு நுண்ணிய துளைக்குக் கொஞ்சம் தூசியோ நீரோ கலந்த டீசலே பகையாகிவிடுகிறது. பண்ணையோரம் பீப்பாயில் சேமித்த டீசலைப் பழைய பம்பு ஓரளவு பொறுத்துக்கொண்டது. புதிய பீய்ச்சான் பொறுக்காது.

எரிபொருளின் தரமும் இதனோடு சேர்ந்தே மாற வேண்டியிருந்தது. மலேசியாவில் முன்பு விற்கப்பட்ட யூரோ 2எம் டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 500 பங்கு வரை இருக்கலாம். 2021 ஏப்ரல் முதல் கட்டாயமான யூரோ 5 டீசலில் அது 10 பங்கு மட்டுமே. புதிய தொழில்நுட்பம் தனியாக வருவதில்லை; பெட்ரோல் நிலையம், பட்டறை, ஓட்டும் பழக்கம் எல்லாவற்றையும் மாறச் சொல்லிக்கொண்டே வருகிறது.

இதற்குத் துகள் வடிகட்டியைவிடப் பொருத்தமான சான்று இல்லை. புகைக்குழாயில் பொருத்தப்படும் இவ்வடிகட்டி, மனித நுரையீரலுக்குக் கேடு செய்யும் நுண்ணிய கரித்துகள்களைப் பிடித்துவைக்கிறது. நிறைந்ததும், சுமார் 600 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அவற்றை எரித்துத் தன்னைத் தானே தூய்மைப்படுத்திக்கொள்ள வேண்டும். அந்த வெப்பம் நெடுஞ்சாலையில் சிறிது நேரம் சீராக ஓடினால் எளிதில் கிடைக்கும். பண்ணையிலிருந்து பொட்டலமிடும் கொட்டகைக்கு இரண்டு கிலோமீட்டர், மீண்டும் இரண்டு கிலோமீட்டர் என்று ஊர்ந்துகொண்டே இருக்கும் வண்டிக்குக் கிடைக்காது. அப்போது பட்டறையில் இப்படி ஓர் உரையாடல் நிகழலாம்:

“அண்ணே, மஞ்சள் விளக்கு எரியுது. வண்டி மேட்டுல ஏறவே மாட்டேங்குது.”

“வடிகட்டி அடைச்சிருக்கும் தம்பி. நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோய் அரை மணி நேரம் விரட்டிட்டு வா. அப்பவும் அணையலன்னா கணினி வச்சிதான் பார்க்கணும். அது என்கிட்ட இல்ல.”

“காய் ஏத்தி நிக்குதுண்ணே!”

கணினி தன்னைக் காத்துக்கொள்ள இயந்திரத்தின் ஆற்றலைக் குறைத்துவிடுகிறது. அது இயந்திரத்திற்கு நல்லது. கொட்டகையில் வாடும் கீரைக்கு அன்று.

இச்சிக்கல் விவசாயிகளின் புலம்பலோடு நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்கப்பட்ட 264,000க்கும் மேற்பட்ட ஹைலக்ஸ், பிராடோ, ஃபார்ச்சுனர் டீசல் வண்டிகளின் துகள் வடிகட்டி அமைப்பு குறையுடையது என அந்நாட்டுக் கூட்டரசு நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. உறுதிக்கே பெயர்பெற்ற வண்டியையும் கூடுதலாகச் சேர்த்த ஓர் உறுப்பு தடுமாறவைத்தது.

உறுப்புகள் கூடும்போது நம்பகத்தன்மை ஏன் குறைகிறது என்பதற்குக் கணிதத்தில் எளிய விடை உண்டு. ஒன்று பழுதானால் எல்லாமே நின்றுவிடும் வகையில் உறுப்புகள் தொடராக அமைந்திருந்தால், மொத்த நம்பகத்தன்மை என்பது ஒவ்வோர் உறுப்பின் நம்பகத்தன்மையையும் பெருக்கிவரும் தொகை. ஜெர்மானியப் பொறியாளர் ராபர்ட் லஸ்ஸரின் பெயரால் இது லஸ்ஸர் விதி என அழைக்கப்படுகிறது. ஓர் உறுப்பு 99 விழுக்காடு நம்பகமானது என்றால் நன்றாகத்தான் தோன்றும். அத்தகைய உறுப்புகள் நூறு தொடராக இருந்தால், எல்லாமே பழுதின்றி இயங்கும் வாய்ப்பு ஏறத்தாழ 37 விழுக்காடே. ஒவ்வோர் உறுப்பையும் 99.9 விழுக்காட்டிற்கு உயர்த்தினால், அது 90 விழுக்காட்டிற்கு ஏறிவிடும். கணிப்பானை எடுத்து மாணவர்களே சரிபார்க்கலாம். ஆகவே, உறுப்புகளின் எண்ணிக்கை மட்டுமே எதிரி அன்று. ஒவ்வொன்றின் தரமும் முடிவைத் தீர்மானிக்கிறது.

இங்கேதான் “பழசு என்றால் உறுதி” என்ற எண்ணத்தையும் சற்று நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். இன்று மலைப்பாதையில் ஓடும் பழைய லேண்ட் ரோவர்கள், அக்காலத்தில் வந்த வண்டிகளில் பிழைத்தவை. பிழைக்காதவை பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. அவற்றை யாரும் படமெடுப்பதில்லை. மேலும், பழைய வண்டிகள் அடிக்கடி பழுதானவைதாம். எண்ணெய் கசியும், கார்புரேட்டரை அவ்வப்போது சரிசெய்ய வேண்டும், குளிர்காலையில் கிளம்ப அடம்பிடிக்கும். பெட்ரோல் வண்டிகளில் மின்னணு எரிபொருள் செலுத்துமுறை வந்த பிறகு இத்தொல்லைகளில் பல மறைந்தே போயின. அதுவும் தொழில்நுட்பம்தான்.

அப்படியானால் விவசாயி விரும்புவது எது? பழைய வண்டி பழுதாகாமல் இருப்பதை அன்று. பழுதானாலும் அன்றே சரிசெய்ய முடிவதை. நம்பகத்தன்மை வேறு, பழுதுபார்க்கும் எளிமை வேறு. புதிய பிக்கப் ஆண்டுக்கு ஒருமுறைகூடப் பழுதாகாமல் இருக்கலாம். ஆனால், பழுதாகும் அந்த ஒரு நாளில் அதன் குறையைப் படிக்கக் கணினி வேண்டும். சில உறுப்புகளை மாற்றியபின் நிறுவன மென்பொருளால் பதிவு செய்யவும் வேண்டும். ஸ்பேனரும் அனுபவமும் கொண்டு தொழில் நடத்திய சிறுநகரப் பட்டறைக்காரர், தன் கண்ணெதிரே வேலை நழுவுவதைப் பார்க்கிறார். வண்டிக்காரருக்கு அறுவடை நாளில் ஏற்படும் தாமதம் இழப்பு. பட்டறைக்காரருக்குக் கற்றுக்கொள்ளாத ஒவ்வோர் ஆண்டும் இழப்பு.

மறுபக்கத்தில் உயிர்கள் இருக்கின்றன. பழைய வண்டியில் காற்றுப்பை இல்லை. பிரேக் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு இல்லை. வளைவில் வண்டி சறுக்கத் தொடங்கினால், ஒவ்வொரு சக்கரத்திற்கும் தனித்தனியே பிரேக் கொடுத்து நேராக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, வேறு வாகனம் சம்பந்தப்படாத உயிரிழப்பு விபத்துகளின் ஆபத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதாக அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. உயரமான, பின்புறம் இலேசான பிக்கப் வண்டிக்கு, மழையில் நனைந்த தாப்பா மலைச்சாலையில், இதைவிடத் தேவையானது எது? இதையும் ‘தேவையற்ற பகட்டு’ என்று ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது. தொடுதிரையின் நிலை வேறு. சேறு படிந்த விரலோடு, குலுங்கும் பாதையில், திரையைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடித் துடைப்பானை இயக்குவது பாதுகாப்பானதன்று. ஐரோப்பிய வாகனப் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான யூரோ என்கேப், 2026 முதல் துடைப்பான், ஒலிப்பான், சமிக்ஞை விளக்கு போன்றவற்றிற்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இருப்பதைத் தன் மதிப்பீட்டில் கணக்கில் எடுக்கிறது.

உற்பத்தியாளர்களும் இந்த விருப்பத்தைக் கவனிக்காமல் இல்லை. 1984இல் வந்த லேண்ட் குரூசர் 70 வரிசை, பெரிய மாற்றங்களுக்கு ஆட்படாமல் இன்றும் தயாரிக்கப்படுகிறது. 2023 நவம்பரில் தாய்லாந்தில் ஹைலக்ஸ் சாம்ப் விற்பனைக்கு வந்தது. தொடக்க விலை 459,000 பாட். தட்டையான பின்தளம், அதில் வரிசையாகத் திருகுத் துளைகள். உணவுக் கடையோ கோழிக் கூண்டோ தண்ணீர்த் தொட்டியோ, எதைப் பொருத்துவது என்பதை வாங்குபவரே முடிவு செய்துகொள்ளலாம்.

கேமரன் மலையில் இன்று விடியற்காலையிலும் இரண்டு வகை வண்டிகளும் ஓடுகின்றன. பண்ணையிலிருந்து சாலையோரம் வரை, வழுக்கும் மண்பாதையில், பழைய லேண்ட் ரோவர் கூடைகளை இறக்கிக் கொண்டுவருகிறது. அங்கே காத்திருக்கும் புதிய லோரி அவற்றை ஏற்றிக்கொண்டு, விளக்குகள் மின்னக் கோலாலம்பூருக்குப் புறப்படுகிறது.